உட்கருதான் செல்லின் மூளையா? செல்லின் பாகங்களும் அவற்றின் வேலையும்

ஜூன் 3, கேள்வி

"அக்கா, செல் பாடம் எனக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. உட்கரு மூளை, மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் நிலையம், லைசோசோம் தற்கொலைப் பை, கோல்கி பொட்டலம் கட்டுகிற இடம், செல் சவ்வு வேலி. ஒரு பாகத்துக்கு ஒரு வேலை, ஒரு வரி. உட்கருவை எடுத்துவிட்டால் கட்டளை போட ஆளில்லாமல் செல் உடனே செத்துவிடும். இதற்கு மேல் படிக்க என்ன இருக்கிறது?"

ஜூன் 3, இரவு

உடனே சாகாது, தம்பி. உங்கள் ரத்தத்திலேயே சாட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. பாலூட்டிகளின் சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் முதிரும்போது உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியா, புரதம் கோக்கும் ரைபோசோம் எல்லாவற்றையும் ரத்தத்துக்குள் வந்த ஓரிரு நாளில் ஒழித்துக் கட்டிவிடுகிறது. அதற்கப்புறம் மனித உடலில் ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. 7, 8 மைக்ரோமீட்டர் அகலமுள்ள அந்தத் தட்டு, தன்னைவிடக் குறுகலான ரத்த நுண்குழாய்களுக்குள் மடங்கி நுழைந்து வெளியே வருகிறது. சர்க்கரையை உடைத்து, செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறைத் தயாரிக்கிறது, சவ்வில் உள்ள பம்புகளை ஓட்டுகிறது. கட்டளை போட உள்ளே யாரும் இல்லை.

சிவப்பணு ஒரு விதிவிலக்கு என்பீர்கள். சரி, அசிட்டாபுலேரியாவை எடுத்துக்கொள்வோம். கடலில் வளரும் பச்சைப்பாசி. ஒரே செல்தான், ஆனால் சில சென்டிமீட்டர் உயரம், வெறுங்கண்ணாலேயே தெரியும். அடியில் தரையைப் பற்றும் பிடிப்பு, நடுவில் காம்பு, மேலே குடை. உட்கரு இருப்பது அடிப்பிடிப்பில். ஹெம்மர்லிங் என்ற ஜெர்மன் உயிரியலாளர் 1930களில் இந்த அடிப்பகுதியை வெட்டி நீக்கிப் பார்த்தார். மிஞ்சிய காம்பு வாரக்கணக்கில் உயிரோடு இருந்தது, அதோடு மேலே புதுக் குடையும் விரித்தது. உட்கருவிலிருந்து முன்பே கிளம்பி வந்த தூது ஆர்என்ஏ (புரதம் செய்யும் குறிப்பின் நகல்) காம்பின் மேற்பகுதியில் சேமிப்பில் இருந்ததுதான் காரணம். அது தீரும்வரை புரதத் தயாரிப்பு நடந்துகொண்டே இருக்கும்.

மூளை நின்றால் உடல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். உட்கரு போன செல் அப்படி முடிவதில்லை. அதனால்தான் அந்த ஒரு வரி எனக்குப் பிடிப்பதில்லை.

ஜூன் 4

"அப்படியானால் செல்லில் யார்தான் தீர்மானிப்பது?" இப்போது நல்ல கேள்விக்கு வந்துவிட்டீர்கள்.

ஜான் கர்டன் 1962இல் வெளியிட்ட தவளைச் சோதனையைப் பாருங்கள். தவளை முட்டையின் சொந்த உட்கருவைப் புறஊதாக் கதிரால் செயலிழக்கச் செய்தார். பிறகு ஒரு தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து அந்த முட்டைக்குள் செலுத்தினார். பெரும்பாலான முட்டைகள் வளரவில்லை. ஆனால் சில, முழுத் தலைப்பிரட்டைகளாகி நீந்தின. குடல் செல்லுக்குள் இருந்தவரை குடலுக்கு வேண்டியதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த உட்கரு, முட்டையின் சைட்டோபிளாசத்துக்குள் (உட்கருவைச் சுற்றியிருக்கும் செல்பொருளுக்குள்) போனதும் ஒரு முழு உயிரையே முதலிலிருந்து கட்ட ஆரம்பித்தது. கட்டளை எந்தப் பக்கத்திலிருந்து போயிருக்கிறது? சைட்டோபிளாசத்திலிருந்து உட்கருவுக்கு. இந்த வேலைக்கு 2012இல் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் தசைச் செல்லிலும் நரம்புச் செல்லிலும் உள்ள டிஎன்ஏ ஒன்றேதான். எந்தப் பக்கத்தைத் திறந்து படிக்க வேண்டும் என்பதைச் சுற்றியிருக்கும் புரதங்களும், வெளியிலிருந்து சவ்வு வழியாக வரும் செய்திகளும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

ஜூன் 7

செல் சவ்வை வேலி என்று எழுதியிருந்தீர்கள். வேலி நட்ட இடத்தில் நிற்கும். சவ்வில் எதுவும் நட்ட இடத்தில் நிற்காது.

1970இல் ஃப்ரை, எடிடின் என்ற இருவர் எலிச் செல்லையும் மனிதச் செல்லையும் ஒரு வைரஸின் உதவியால் ஒன்றாக இணைத்தார்கள். எலிப் புரதங்களுக்கு ஒரு நிறம், மனிதப் புரதங்களுக்கு வேறு நிறம் ஒளிரும்படி அடையாளம் போட்டார்கள். இணைந்த உடனே பார்த்தால் பாதி ஒரு நிறம், பாதி மறு நிறம். 37 டிகிரியில் 40 நிமிடம் வைத்துவிட்டுப் பார்த்தால் இரண்டு நிறமும் செல் முழுக்கக் கலந்து கிடந்தன. குளிரில் வைத்த செல்களில் கலக்கவில்லை. சவ்வில் உள்ள புரதங்கள் பக்கவாட்டில் மிதந்து நகர்கின்றன என்பதற்கு இதைவிட எளிய சோதனையை நான் பார்த்ததில்லை. சிங்கரும் நிக்கல்சனும் 1972இல் தங்கள் பாய்ம மாதிரியை வெளியிட்டபோது இதையும் சான்றாகக் காட்டினார்கள்.

சவ்வின் கொழுப்பு அடுக்கின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான். இரண்டு மூலக்கூறு அடுக்கு. அது இரண்டு அடுக்கு என்பதை 1925இலேயே கோர்ட்டர், கிரெண்டல் இருவரும் சிவப்பணுக்களை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொழுப்பு முழுவதையும் அவர்களால் பிரித்தெடுக்க முடியவில்லை, சிவப்பணுவின் மேற்பரப்பையும் குறைவாகக் கணக்கிட்டார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டி, விடை மட்டும் சரியாக வந்துவிட்டது!

சோடியம் பொட்டாசியம் பம்பை விட்டுவிட்டுச் சவ்வைப் பற்றிப் பேச முடியாது. ஒரு சுற்றுக்கு 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே, ஓர் ஏடிபி செலவு. ஜென்ஸ் ஸ்கூ 1957இல் நண்டின் நரம்பில் கண்டுபிடித்தது. நீங்கள் சும்மா படுத்திருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் ஒரு பெரும்பங்கு இந்தப் பம்புக்கே போகிறது. நரம்பில் செய்தி ஓடுவது, சிறுகுடல் சர்க்கரையை உறிஞ்சுவது, சிறுநீரகம் உப்பை மீட்பது எல்லாம் இந்தப் பம்பு உண்டாக்கிய ஏற்றத்தாழ்வை நம்பித்தான் நடக்கின்றன.

ஜூன் 8

சின்னக் குறிப்பு. செல் படம் வரையும்போது நடுவில் நிறைய வெள்ளை இடம் விடுகிறோம். உண்மையில் அங்கே வெற்றிடமே கிடையாது. சைட்டோபிளாசத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை புரதம் அடைந்து கிடக்கிறது. காலை நேரத்துப் பேருந்தில் படியிலிருந்து டிரைவர் சீட் வரை நெருக்கியடித்து நிற்பார்களே, அந்த நெரிசல். டேவிட் குட்செல் என்ற உயிரியலாளர் மூலக்கூறுகளை அளவு பிசகாமல் நீர்வண்ணத்தில் வரைகிறார். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள்.

ஜூன் 12

மைட்டோகாண்ட்ரியாவுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுவேன், ஏனென்றால் நான் பல வருடம் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் இருந்தவள். இதைப் பார்க்கத்தான் அதிக நேரம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருக்கிறேன்.

படத்தில் அவரைவிதை வடிவம், குறுக்கே மடிப்புகள், அங்கொன்று இங்கொன்று. உயிருள்ள செல்லில் அப்படி இல்லை. கண்ணாடி அடித்தட்டில் பரந்து ஒட்டிக்கொண்டிருக்கும் இணைப்புத்திசுச் செல்லில் ஒளிரும் சாயத்தை விட்டு, 37 டிகிரியில் வைத்துப் பார்த்தால், உட்கருவைச் சுற்றி ஆரம்பித்துச் செல்லின் ஓரம்வரை நீண்ட இழைகள் தெரியும். ஓர் இழை மெல்ல வளையும். அதன் நுனி பக்கத்து இழையைத் தொடும். சற்றுப் பொறுத்தால் இரண்டும் ஒன்றாகிவிட்டிருக்கும். இன்னொரு இடத்தில் ஓர் இழை நடுவில் சுருங்கி, இரண்டாகப் பிரிந்து, துண்டு மட்டும் தனியே நகர்ந்து போகும். ஒன்றிரண்டு நிமிடம் கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பினால் முன்பு பார்த்த அமைப்பு இருக்காது. விளக்கை அதிகமாக வைத்தால் இழைகளெல்லாம் உருண்டைகளாக உடைந்துவிடும். அது ஒளியால் செல்லுக்கு நேரும் வேதனை. அதனால் எப்போதும் மங்கலான ஒளியில், கண்ணைப் பழக்கிக்கொண்டுதான் பார்ப்போம்.

அந்தச் சாயம் ஏன் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மட்டும் போய்ச் சேர்கிறது என்பதில்தான் அதன் வேலையே இருக்கிறது. உள்சவ்வுக்கு உட்புறம் எதிர்மின்னேற்றம். நேர்மின்னேற்றம் உள்ள சாயம் அங்கே இழுக்கப்பட்டு அடைகிறது. புரோட்டான்களைச் சவ்வின் வழியே கசியவிடும் வேதிப்பொருள் ஒரு துளி விட்டால் மின்னழுத்தம் சரிந்து, கண்முன்னே இழைகள் மங்கிச் செல் முழுக்க சாயம் பரவிவிடும்.

இந்த மின்னழுத்தம் சுமார் 150 மில்லிவோல்ட். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அது நிற்பது 5 நானோமீட்டர் சவ்வின் குறுக்கே. மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 3 கோடி வோல்ட். உலர்ந்த காற்றில் மின்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும்.

உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் உள்சவ்வின் புரதங்கள் வழியாகக் கைமாறி ஆக்சிஜனைச் சென்று சேர்கின்றன. அந்த ஓட்டத்தில் புரோட்டான்கள் வெளியே தள்ளப்படுகின்றன. அவை திரும்பி உள்ளே வர ஒரு வழி, ஏடிபி சிந்தேஸ் என்ற சுழலும் புரதம். அது ஒரு சுற்று சுற்றினால் 3 ஏடிபி. பீட்டர் மிட்செல் 1961இல் புரோட்டான் ஏற்றத்தாழ்வுதான் ஏடிபிக்கு மூலம் என்று சொன்னபோது துறையில் பலர் ஏற்கவில்லை. எல்லாரும் ஏதோ ஓர் இடைப்பட்ட வேதிப்பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒன்று அகப்படவே இல்லை. மிட்செலுக்கு 1978இல் நோபல் கிடைத்தது. ஏடிபி சிந்தேஸ் நிஜமாகவே சுழல்கிறது என்பதை 1997இல் ஜப்பானியக் குழுவொன்று அதன் அச்சில் ஒளிரும் ஆக்டின் என்ற புரத இழையை ஒட்டி, படம்பிடித்தே காட்டியது.

"ஆற்றல் நிலையம்" தப்பில்லை, தம்பி. ஆனால் அந்த வரியோடு நிறுத்தினால் இதில் ஒன்றுமே தெரியாமல் போய்விடும்.

ஜூன் 12, மறுபடி

தூங்கப் போகுமுன் நினைவுக்கு வந்தது. "தற்கொலைப் பை" பட்டம், செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் செல் திட்டமிட்டுச் சாகும்போது பெரும்பாலும் சம்பந்தப்படுவது மைட்டோகாண்ட்ரியா. எலக்ட்ரானைக் கைமாற்றும் சைட்டோகுரோம் சி என்ற சின்னப் புரதம் அதன் இரண்டு சவ்வுக்கும் நடுவில் இருக்கிறது. அது வெளியே சைட்டோபிளாசத்தில் கசிந்தால், புரதங்களை வெட்டும் கேஸ்பேஸ் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. 1996இல் ஷியாவ்டாங் வாங்கின் ஆய்வகம் இதைக் கண்டுபிடித்தபோது பலருக்கும் நம்பவே கஷ்டமாக இருந்தது. சுவாசத்துக்கு வேண்டிய புரதமே சாவுக்கான அழைப்பையும் கொடுக்கிறது. ஒரு பாகத்துக்கு ஒரு வேலை என்ற கணக்கு இங்கேயே உடைகிறது.

பழுப்புக் கொழுப்பில் உள்ள மைட்டோகாண்ட்ரியாவோ புரோட்டானை ஏடிபி செய்யாமலே உள்ளே விட்டுச் சூடு உண்டாக்குகிறது. பச்சைக்குழந்தையின் உடல் குளிரில் சூடு இழக்காமல் இருக்க அது பெரிய துணை.

ஜூன் 13

"ஒரு செல்லில் எத்தனை மைட்டோகாண்ட்ரியா?" கல்லீரல் செல்லுக்கு 1,000 முதல் 2,000 என்று புத்தகங்கள் சொல்லும். அந்த எண் எதிலிருந்து வருகிறது என்று யோசியுங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குத் திசுவை மிக மெல்லிய சீவல்களாக வெட்டுவார்கள். வளைந்து வளைந்து போகும் ஒரே இழையைக் குறுக்கே வெட்டினால் சீவலில் பத்து முட்டை வடிவங்கள் தெரியும். கல்லீரல் செல்லில் அவை குட்டையாகவே இருப்பதால் எண்ணுவதில் ஓரளவு அர்த்தம் உண்டு. இழைகள் சேர்ந்து பிரிந்துகொண்டே இருக்கும் செல்லில் எண்ணிக்கையைவிட மொத்தக் கொள்ளளவைக் கேட்பதே பொருத்தம். அவரைவிதைப் படமும் இந்தச் சீவல்களிலிருந்து வந்ததுதான்.

ஜூன் 17

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "கோல்கிக்கு அந்த ஒரு வரி போதும், அதை ஏன் பெரிதாக்குகிறீர்கள்?" கோல்கி எனக்கு ரொம்பப் பிடித்த பாகம், அதனால் பதில் நீளும்.

காமிலோ கோல்கி 1898இல் கூகையின் சிறுமூளை நரம்புச் செல்களுக்கு வெள்ளி உப்புச் சாயம் ஏற்றியபோது உட்கருவைச் சுற்றி ஒரு கறுத்த வலை தெரிந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் சண்டை நடந்தது. சாயம் திட்டுத்திட்டாகப் படிந்ததைப் பார்த்துவிட்டுப் பாகம் என்கிறார் என்று ஒரு கூட்டம். சாயத்தை மாற்றினால் வடிவமும் மாறுகிறது, உயிருள்ள செல்லில் தெரியவில்லை, எனவே பொய்த்தோற்றம் என்று அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது. 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்து, அடுக்கடுக்கான தட்டைப் பைகளைக் காட்டிய பிறகே வழக்கு முடிந்தது.

இதற்கு நேர் எதிரான கதை மீசோசோம். பாக்டீரியாவின் சவ்வு உள்ளே மடிந்து ஒரு பாகமாக இருக்கிறது, சுவாசம் அதில் நடக்கிறது என்று எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களைப் பார்த்து எழுதினார்கள். பிறகு வேதிப்பொருளால் பதப்படுத்தாமல் வேகமாக உறையவைத்துப் பார்த்தால் அது காணாமல் போனது. பதப்படுத்தும்போது உண்டான சுருக்கம் அது. 1970களிலேயே இது வெளிப்பட்டுவிட்டது. ஆனாலும் சில பாடப்புத்தகங்களில் மீசோசோம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. பொய் என்று நினைத்தது மெய்யாகவும், மெய் என்று நினைத்தது பொய்யாகவும் ஆன இந்த இரண்டு கதையையும் மாணவர்களுக்குச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

சரி, வேலைக்கு வருவோம். தனித்தனிப் பாகமாக மனப்பாடம் செய்வதற்குப் பதில் ஒரு புரதத்தின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். ஜேமிசனும் பலாடேயும் 1967இல் செய்தது இதைத்தான். கினிப்பன்றியின் கணையச் சீவல்களுக்குக் கதிரியக்க அமினோ அமிலத்தை 3 நிமிடம் மட்டும் கொடுத்தார்கள், பிறகு சாதாரண அமினோ அமிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த 3 நிமிடத்தில் தயாரான புரதத்துக்கு மட்டும் கதிரியக்க அடையாளம். முதலில் அது சொரசொரப்பான எண்டோபிளாச வலை என்ற சவ்வு வலையமைப்பில் இருந்தது. 20 நிமிடம் ஆனபோது கோல்கிப் பக்கம். இரண்டு மணி நேரத்துக்குள் செரிமான நொதி அடைந்த சுரப்புத் துகள்களில்.

வலையின் மேல் ஒட்டியிருக்கும் ரைபோசோம் புரதத்தைக் கோத்துக்கொண்டே இருக்கும்போதே, அதன் முன்நுனி வலைக்குள் நுழைந்துவிடுகிறது. அந்த நுனியில் இருக்கும் சில அமினோ அமிலங்கள்தான் முகவரி என்று காட்டியவர் குண்டர் புளோபெல், 1999இல் நோபல். வலைக்குள் புரதம் மடிகிறது. சரியாக மடியாததைத் திரும்ப இழுத்து அழிக்க ஏற்பாடு உண்டு. மடிந்தது குமிழ்களில் ஏறிக் கோல்கிக்குப் போகிறது. அங்கே அதன் சர்க்கரைச் சங்கிலிகள் வெட்டித் திருத்தப்படுகின்றன.

அந்தத் திருத்தம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஐ-செல் நோய். லைசோசோமுக்குப் போக வேண்டிய நொதிகளின் சர்க்கரையில் கோல்கி ஒரு பாஸ்பேட் குறியைப் போட வேண்டும், மேனோஸ்-6-பாஸ்பேட். அந்தக் குறி போடும் நொதி சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வேலை செய்வதில்லை. லைசோசோம் நொதிகள் எல்லாம் ஒழுங்காகத் தயாராகின்றன, ஒழுங்காக மடிகின்றன. ஆனால் குறி இல்லாததால் செல்லுக்கு வெளியே கொட்டப்பட்டு ரத்தத்தில் போய்விடுகின்றன. உள்ளே லைசோசோம்கள் செரிக்காத கழிவால் உப்பிப் போகின்றன. வளர்ச்சி நின்று, எலும்பும் இதயமும் கெட்டு, பெரும்பாலான குழந்தைகள் சிறுவயதைத் தாண்டுவதில்லை. ஒரு பாஸ்பேட் குறி இல்லாததன் விலை. பொட்டலம் கட்டுகிற இடம் என்று சொல்லி இதைக் கடந்து போக எனக்கு மனம் வராது.

ஜூன் 18

லைசோசோமைக் கண்டுபிடித்ததும் சுவாரசியம். கிறிஸ்டியான் டு டூவ் பெல்ஜியத்தில் எலிக் கல்லீரலை அரைத்து இன்சுலின் தொடர்பான நொதியொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஒப்பீட்டுக்காக அமில பாஸ்பட்டேஸ் என்ற வேறொரு நொதியையும் அளந்தார். மென்மையாக அரைத்த மாதிரியில் எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் வந்தது. அந்த மாதிரியைக் கொட்டிவிடாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, சில நாள் கழித்து மறுபடி அளந்தால் செயல்பாடு ஏறிவிட்டிருந்தது! நொதி ஏதோ ஒரு பைக்குள் அடைபட்டிருக்கிறது, பை கிழியக் கிழிய வெளியே வருகிறது என்று அவர் ஊகித்தார். 1955இல் அதற்கு லைசோசோம் என்று பெயர் வைத்தார். நுண்ணோக்கியில் பார்க்காமலேயே கணக்கிலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட பாகம். டு டூவ், பலாடே, ஆல்பர்ட் கிளாட் மூவருக்கும் 1974இல் நோபல்.

உள்ளே பிஎச் 4.5 முதல் 5 வரை, வெளியே 7.2 சுமார். அதாவது ஹைட்ரஜன் அயனி சில நூறு மடங்கு அதிகம். நொதிகள் அந்த அமிலத்துக்குப் பழகியவை, ஒன்றிரண்டு பை கசிந்தால் வெளியே அவ்வளவாக வேலை செய்யாது. செல் தன் பழைய மைட்டோகாண்ட்ரியாவையே சவ்வால் சுற்றி இங்கே கொண்டுவந்து செரித்து, மூலப்பொருளை மீட்டுக்கொள்கிறது. யோஷினோரி ஓசுமி, செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டைப் பட்டினி போட்டு, அதன் வெற்றிடக் குமிழுக்குள் (ஈஸ்ட்டில் லைசோசோமின் வேலையைச் செய்யும் பை) செரிக்காத சின்ன உருண்டைகள் துள்ளுவதைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே பார்த்தார். 2016 நோபல் அதற்கு. பட்டினியில் செல்லைக் காப்பாற்றும் பாகத்துக்குத் தற்கொலைப் பை என்று பெயர் வைத்திருப்பது அநியாயம்.

ஜூன் 22

ஜூன் 3ஆம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் "அப்படியானால் உட்கரு முக்கியமில்லை" என்ற முடிவுக்குப் போயிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். ஹெம்மர்லிங்கின் சோதனைக்கு இரண்டாம் பாதி உண்டு. ஓர் இனத்தின் காம்பை வேறோர் இனத்தின் உட்கரு உள்ள அடிப்பிடிப்பில் ஒட்டவைத்தார். முதலில் முளைத்த குடை சில சமயம் இரண்டுங்கெட்டான் வடிவில் இருந்தது. அதை வெட்டிவிட்டால் அடுத்து முளைத்தது அடிப்பிடிப்பின் இனத்துக் குடை. சேமிப்பு தீர்ந்த பிறகு உட்கருவின் பேச்சுதான் எடுபடுகிறது. சிவப்பணுவும் அப்படியே. பழுதான புரதத்தை மாற்ற வழியில்லை, பிரிந்து பெருக வழியில்லை. விறைத்துப் போனதும் மண்ணீரலும் கல்லீரலும் அதை எடுத்துவிடுகின்றன. மஜ்ஜை ஒரு வினாடிக்கு 20 லட்சத்துக்கு மேல் புதுச் சிவப்பணுக்களை அனுப்பிக்கொண்டே இருப்பதால்தான் இந்த ஏற்பாடு ஓடுகிறது.

கர்டனின் சோதனையும் இதையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், உட்கருவும் சைட்டோபிளாசமும் மாற்றி மாற்றிப் பேசிக்கொள்கின்றன என்பதுதான் என் நிலை.

ஜூன் 27

ரைபோசோம், உட்கருமணி (உட்கருவுக்குள் தெரியும் அடர்ந்த திட்டு) பற்றி ஏன் எதுவும் சொல்லவில்லை என்கிறார்கள். இரண்டுக்கும் சவ்வு கிடையாது, அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ரைபோசோமைப் புரதம் தயாரிக்கும் இயந்திரம் என்கிறோம். அதன் மையத்தில், அமினோ அமிலங்களை இணைக்கும் இடத்தில், புரதமே இல்லை. ஆர்என்ஏதான் அந்த வேதிவினையைச் செய்கிறது. 2000வாக்கில் படிக அமைப்பு தெளிவானபோது தெரிந்தது. வெங்கி ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவருக்கும் 2009இல் நோபல். மனிதச் செல்லில் ஒரு ரைபோசோம் வினாடிக்கு ஐந்தாறு அமினோ அமிலம் கோக்கும். பாக்டீரியாவில் 15, 20 வரை போகும்.

உட்கருமணியில்தான் ரைபோசோமின் பகுதிகள் தயாராகின்றன. சவ்வே இல்லாமல் அது எப்படி ஒரே இடத்தில் கூடி நிற்கிறது? 2009இல் பிராங்வின், ஹைமன் குழு ஒரு வகைப் புழுவின் கருமுட்டையில் பி-துகள்கள் என்ற சவ்வில்லாத திட்டுகள் திரவத் துளிகளாக நடந்துகொள்வதைக் காட்டியது. ஒன்றோடொன்று சேர்கின்றன, வழிகின்றன. 2011இல் தவளை முட்டைச் செல்லின் உட்கருமணிகளிலும் அதே குணத்தைப் பார்த்தார்கள். பாகம் என்றால் சுற்றிச் சவ்வு இருக்க வேண்டும் என்று படித்துப் பழகிய எனக்கு இது முதலில் உறுத்தியது. இப்போது எந்த நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்தாலும் இது துளியா பையா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

ஜூன் 29

எல்லாம் கலங்கி நகர்கிறது என்றால் பொருள்கள் எப்படிப் போய்ச் சேருகின்றன? சின்னச் செல்லில் தானாகப் பரவுவதே போதும். 20 மைக்ரோமீட்டரை ஒரு புரதம் சில வினாடிகளில் கடந்துவிடும். ஆனால் பரவலுக்குத் தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். முதுகுத்தண்டிலிருந்து கால்விரல்வரை போகும் நரம்புச் செல் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அதைப் பரவிக் கடக்க ஒரு புரதத்துக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகும்.

அதனால் செல்லுக்குள் தண்டவாளம் போல ஓடும் நுண்குழல்களின் மேல் கைனசின் என்ற புரதம் சரக்கை இழுத்துக்கொண்டு நடக்கிறது. ஒரு அடிக்கு 8 நானோமீட்டர், ஓர் ஏடிபி செலவு, வினாடிக்கு நூறு அடி வரை. 1985இல் கணவாயின் தடித்த நரம்பில் கண்டுபிடித்தார்கள். நரம்பில் வேகமான சரக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 400 மில்லிமீட்டர் வரை போகும். கால்விரலுக்குச் சில நாள் பயணம்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: ஹைட்ரில்லா இலை. குளத்து நீரோடு ஓர் இளம் இலையை அப்படியே கண்ணாடித் துண்டில் வைத்து மூடுங்கள். வெட்ட வேண்டாம், சாயமும் வேண்டாம். இலை இரண்டு செல் தடிமன்தான், ஒளி ஊடுருவும். நடுநரம்புப் பக்கத்து நீண்ட செல்களைத் தேடுங்கள். ஆரம்பத்தில் எல்லாம் அசையாமல் இருக்கும். விளக்கின் வெதுவெதுப்பில் சற்று நேரம் விட்டால், பசுங்கணிகங்கள் சுவரோரமாக வரிசையில் கிளம்பி, மூலையில் திரும்பி, மறுபக்கம் வரும். நடுவில் உள்ள பெரிய வெற்றிடக் குமிழ் அவற்றை ஓரத்துக்கு ஒதுக்கி வைத்திருப்பதால் சுற்றிச் சுற்றியே ஓடுகின்றன. இங்கே இழுப்பது கைனசின் அல்ல, ஆக்டின் இழை மேல் நடக்கும் மயோசின். கேரா என்ற நீர்ப்பாசியில் இந்த ஓட்டம் வினாடிக்கு 50 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை வேகம்.

ஜூலை 2

"மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் பழைய பாக்டீரியா என்பது நிரூபணமானதா?" ஆமாம், இன்று அதில் சண்டை இல்லை. லின் மார்குலிஸ் என்ற உயிரியலாளர் இதைச் சொல்லும் கட்டுரையை 1967இல் வெளியிடுவதற்கு முன் பல இதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. பிறகு ஆர்என்ஏ, டிஎன்ஏ வரிசைகளே தீர்ப்புச் சொல்லிவிட்டன. மனித மைட்டோகாண்ட்ரியாவில் இன்னும் சொந்தமாக வட்ட டிஎன்ஏ இருக்கிறது: 16,569 எழுத்து, 37 மரபணு, அதில் புரதத்துக்கு 13. மற்ற ஆயிரத்துச் சொச்சம் புரதங்களுக்கான மரபணுக்கள் உட்கருவில் இருக்கின்றன. அந்தப் புரதங்கள் சைட்டோபிளாசத்தில் தயாராகி இறக்குமதி ஆகின்றன. இழை எங்கே பிரிய வேண்டும் என்பதில்கூட மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி உரிமை இல்லை. எண்டோபிளாச வலையின் குழல் ஒன்று அதைச் சுற்றி வளைத்து இறுக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் பிரிகிறது என்று 2011இல் காட்டினார்கள்.

செல்லில் உட்கரு இருந்தும் மைட்டோகாண்ட்ரியாவை முழுதாகத் தொலைத்த உயிரியும் உண்டு. மோனோசெர்கோமோனாய்ட்ஸ் என்ற ஒருசெல் உயிரியில் அதன் தடயமே இல்லை என்று 2016இல் வெளியானது. பல புரதங்களுக்கு வேண்டிய இரும்பு கந்தகக் கொத்துகளைத் தயாரிக்கும் வேலை எந்த மைட்டோகாண்ட்ரியாவும் விட்டுக்கொடுக்காத வேலை என்று நினைத்திருந்தார்கள். அதற்கு இந்த உயிரி பாக்டீரியாவிடமிருந்து பெற்ற வேறு மரபணுக்களை வைத்துச் சமாளிக்கிறது.

ஜூலை 6

புதுப் பாகம் ஏதாவது உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு, நைட்ரோபிளாஸ்ட். பிராருடோஸ்ஃபீரா என்ற கடல் பாசிக்குள் காற்று நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நீலப்பச்சை பாக்டீரியா ஒன்று வாழ்வது தெரிந்த விஷயம். அதை விருந்தாளி என்பதா, செல்லின் பாகம் என்பதா? 2024 ஏப்ரலில் வந்த ஆய்வு இரண்டு விஷயங்களைப் பார்த்தது. பாசி பிரியும்போது அதுவும் ஒழுங்காகக் கூடவே பிரிந்து இரண்டு பக்கமும் போகிறதா? எக்ஸ்கதிர்ப் படங்களில் ஆம். பாசியின் உட்கருவில் உள்ள மரபணுக்களிலிருந்து தயாரான புரதங்கள் அதற்குள் இறக்குமதி ஆகின்றனவா? ஆம், முகவரிப் பகுதி ஒன்றோடு. இந்த இரண்டும் சேர்ந்ததால் பாகம் என்றார்கள். இரண்டாவது விஷயம்தான் எனக்கு வலுவாகப் படுகிறது. கூடவே பிரியும் ஒட்டுண்ணிகள் வேறு உண்டு, ஆனால் தன் புரதங்களுக்கு அடுத்தவர் உட்கருவை நம்பியிருக்கும் ஒன்று இனித் தனியாகப் பிழைக்க முடியாது.

தம்பி தேர்வுக்கு எப்படி எழுதுவது என்றும் கேட்டிருந்தார். கேட்ட ஒரு வரியை எழுதுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். வரைபடத்தில் மட்டும், இடம் இருந்தால், எண்டோபிளாச வலையின் சவ்வை உட்கருவின் வெளிச்சவ்வோடு சேர்த்தே வரையுங்கள். இரண்டும் ஒரே சவ்வின் தொடர்ச்சி. உட்கரு உறையில் துளைகளையும் விடாதீர்கள், அந்த உறையில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ரைபோசோமின் பகுதிகள் அந்தத் துளைகள் வழியாகத்தான் வெளியே வருகின்றன.